மூட்டை மேல் இடமில்லாத நாய்கள்

நம் கழகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தோழர்களே!

இருபத்து நான்கு வயதில் ஒருவன் 'ஓய்வு பெறுகிறேன்' என்று அறிவித்தால் போடிநாயக்கனூர் சிரிக்கத்தான் செய்யும். சிரிக்கட்டும். சட்டம் படிக்கச் சென்னைக்குப் புறப்படுகிறேன். கழகத்தின் செயலாளர் பொறுப்பை உங்கள் கையில் வைத்துவிட்டுப் போகிறேன். பொறுப்பிலிருந்து இறங்குகிறவனுக்கு ஓர் உரிமை உண்டு: தனக்குத் தெரிந்ததை இடைமறிப்பார் இன்றி ஒருமுறை சொல்லி முடிக்கலாம். பேச்சு மேடைகளில் மணியடித்து என்னை உட்கார வைத்த நடுவர்கள் எவரும் இந்தத் தாளுக்குள் வர முடியாது என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை.

நாய்க்கு உண்ணி எடுப்பது எப்படி, சொறிக்கு எதைப் பூசுவது, வெறிநாயை அதன் கண்ணைப் பார்த்து எப்படி அடையாளம் காண்பது என்பவற்றை நான் எழுதவில்லை. அவற்றை நம் தலைவி கற்றுத் தருவார். மறந்தால் திட்டியும் தருவார். நான் எழுதுவது வேறு. ஒரு பக்கம் மனிதர்களும் மறு பக்கம் நாயும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் ஒரு முடிவைச் சொல்லியே தீர வேண்டிய நேரம் வரும். அந்த நேரத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

தலைவியை நீங்கள் அறிவீர்கள். ஊர் மருத்துவமனையில் டாக்டர். நாய் கடித்து வருகிறவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போடும் கையால்தான் அவர் நாய்களுக்குச் சோறும் பிசைகிறார். இந்த முரணை நான் ஒரு கூட்டத்தில் வியந்து பேசியபோது அவர் குறுக்கிட்டு, "இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. தெருவுல திரியற நாய்க்கு வீடு பிடிச்சுக் குடுத்தா கடி குறையும். கடி குறைஞ்சா எனக்கு வேலை குறையும். நான் சோம்பேறி, அவ்வளவுதான்" என்றார். கழகத்தின் கொள்கை விளக்கம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. நான் எழுதி வைத்திருந்த கொள்கை விளக்கம் இதைவிட மிக நீளமானது. அதை யாரும் கேட்கவில்லை.

நம் முறை எளிமையானது. தெருவிலிருந்தோ மலையிலிருந்தோ வரும் நாயை முதலில் ஒரு குடும்பம் சில வாரங்கள் வைத்துத் தேற்றும். அந்த வீட்டுக்கு 'இடைவீடு' என்று பெயரிட்டவன் நான். பழைய சொந்தக்காரர் யாராவது இருந்தால் வந்து கேட்பதற்காக ஊர் ஊராக அறிவிப்பு ஒட்டுவோம். குறித்த கெடுவுக்குள் எவரும் வராவிட்டால் நாயை நிரந்தரமாக ஒரு வீட்டுக்குக் கொடுப்போம். அது 'நிலைவீடு'. அந்தப் பெயரும் என்னுடையதே.

பெயர் வைக்கத் தெரிந்த எனக்கு நாய் கொடுக்கத் தெரிய நாளாயிற்று. முதல் ஆண்டில் ஒரு கறுப்பு நாயை ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கிட்டங்கிக் காவலுக்குக் கொடுத்தோம். கொடுக்கும்போது நான் சொன்னேன்: "ஐயா, இந்த நாய் வாசலில் படுத்திருந்தால் காற்றுகூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழையும்." அவர் மனம் குளிர்ந்து வாங்கிப் போனார். மறு வாரமே நாயோடு திரும்பி வந்து நின்றார்.

"தம்பி, காத்து அனுமதி கேக்குதா என்னன்னு எனக்குத் தெரியாது. களவாணிப் பய இது முதுகு மேல கால வச்சுத்தேன் சன்னல் ஏறியிருக்கான். இது வால ஆட்டிக்கிட்டு அவனை வழியனுப்பி வச்சிருக்கு. மண்ணுல தடம் கெடக்கு, வந்து பாருங்க!"

தலைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "இனிமே ஒரு நாயைக் குடுக்கறதுக்கு முன்னாடி அதோட குறையை முதல்ல சொல்லணும். அதைக் கேட்டும் வேணும்கறவங்களுக்கு மட்டும் குடுக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அதுவே வழக்கம். அந்தக் கறுப்பு நாய் பிறகு ஒரு பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போயிற்று. எல்லாரையும் வரவேற்பதுதான் அதன் பிறவிக் குணம் என்பதால் அங்கே அதற்கு நல்ல பெயர்.

இனி, நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். அதற்கு முன் நம் மலையின் வழக்கம் ஒன்றை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏலக்காய் எடுப்புக்குச் சிலமலைப் பக்கத்துக் குடும்பங்கள் மலையேறும்போது அவர்களுடைய நாய்களும் கூடவே ஏறுகின்றன. ஏறும்போது எல்லாருக்கும் நடைதான். பருவம் முடிந்து இறங்கும்போது எஸ்டேட்டு ஜீப்பு வரும். மூட்டைகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்து வருவார்கள். நாய்க்கு மட்டும் இடமில்லை. இது கல்நெஞ்சத்தால் வந்த விதியன்று. ஏலக்காய் எந்த வாடையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். ஏலம் நடக்கும் இடத்தில் வியாபாரி ஒரு கை அள்ளி முகர்வார். நாய் வாடை பட்டிருந்தால் மறுபேச்சு இல்லாமல் அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். ஆகவே முதலாளி ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். ஜீப்பு கிளம்பும். நாய்கள் வளைவுக்கு வளைவு பின்னால் ஓடிவரும். மூச்சு இரைக்கும் இடத்தில் நின்றுவிடும்.

மாசி பிறந்த பிறகு, மலைக்குப் போய் வெறுமனே திரும்பும் லாரி ஏதாவது கிடைத்தால், நாங்கள் ஏறிப்போய் அப்போது எஞ்சியிருக்கும் நாய்களைக் கட்டி இறக்குவோம். எஞ்சியிருக்கும் நாய்கள் என்று எழுதியிருக்கிறேன். சிறுத்தை உலவும் மலை அது.

அப்படி ஓர் ஆண்டு வந்ததுதான் அந்தச் செவலை நாய். வலக்காது நுனி அறுந்தது. எஸ்டேட்டுக் கூலியாட்கள் தங்கும், இப்போது ஆளில்லாத லைன் வீடுகளின் வரிசையில், பூட்டிய ஒரு கதவுக்கு முன்னால், எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் வரவில்லை, தூக்கித்தான் வந்தோம். ராசிங்காபுரத்து விவசாயி சீனிச்சாமி இடைவீடு தர ஒப்புக்கொண்டார். பெரிய மீசை, பெரிய குரல். நாயை முதலில் பார்த்ததும் "இதையா? இது நாயா, நாயோட நெழலா?" என்று கேட்டவர் அவர்தான். சித்திரை முடிவதற்குள் அவரே தம் தோட்டத்து வரப்பில் அதற்கு 'ராசா' என்று பெயரிட்டு, நிலைவீடும் தம் வீடே என்று அறிவித்துவிட்டார்.

நாயை அவரிடம் ஒப்படைக்கும் விழாவுக்குச் சந்தைத் திடலில் மேடை போட்டோம். சந்தை கூடும் நாளாகப் பார்த்தே விழா வைத்தோம்; கூட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒலிபெருக்கி இருந்தது. சீனிச்சாமி சலவை வேட்டியில் வந்திருந்தார். அவர் மனைவி பொன்னுத்தாய் முன்வரிசையில். நாயின் கழுத்தில் சாமந்தி மாலை. வழக்கப்படி நாயின் குறைகளை முதலில் சொன்னேன்: இது செருப்புத் திருடும், மழைக்குப் பயப்படும். சீனிச்சாமி, "தெரியும், தெரியும், என் செருப்புத்தேன்!" என்று மேடையிலிருந்தே முழங்கினார். கூட்டம் கைதட்டியது. கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுக்க நீட்டினேன்.

"அது என் நாயி!"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். தலையில் காய்கறிக் கூடையோடு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி ஆட்களை இடித்துக்கொண்டு முன்னே வந்தாள். கூடையை இறக்கி யார் மடியிலோ வைத்தாள்.

"செவலை! ஏ செவலை! நீ உசுரோடவா இருக்க?" என்றவள் என்னைப் பார்த்தாள். "தம்பி, சிலமலை ஒச்சம்மா நானு. அது குட்டியில இருந்து நான் வளத்த நாயி. கயித்த இங்கிட்டுக் கொண்டாங்க."

சீனிச்சாமியின் மீசை துடித்தது. "இந்தா, யாருத்தா நீ? ரெண்டு மாசமா பாலும் சோறுமா ஊட்டுனவன் நானு. மலையில போட்டுட்டு வந்தவளுக்கு இப்பத்தேன் நாயி ஞாபகம் வருதாக்கும்?"

"போட்டுட்டு வந்தேனா? நீரு பாத்தீரா?"

"அறிவிப்பு ஒட்டுனாகளே, அப்ப எங்க போயிருந்த?"

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மேடையில் நின்ற எனக்கு விளைவுகள் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. நாயை அவளிடம் கொடுத்தால், தேற்றி வளர்த்த நாயை எவரும் எப்போதும் வந்து கேட்கலாம் என்றாகிவிடும். பிறகு எந்தக் குடும்பம் இடைவீடு தரும்? சீனிச்சாமியிடம் கொடுத்தால், கூலிக்காரி வளர்த்த நாயைப் பிடுங்கித் தோட்டக்காரரிடம் கொடுக்கும் கூட்டம் என்று நமக்குப் பெயர் வரும். பிறகு எந்தச் சிற்றூரில் நம்மை நாய் தொடவிடுவார்கள்? கழகத்தின் வாழ்வே அந்தக் கயிற்றில் தொங்கியது. இவற்றுக்கெல்லாம் அப்பால், அந்த நாயின் வாழ்வும்.

அவள் பக்கம் பேசச் சொன்னாலும் இவர் பக்கம் பேசச் சொன்னாலும் நான் வென்றிருப்பேன். அதற்குத்தானே பயிற்சி பெற்றேன்! விதி இருக்கிறது, கெடு முடிந்துவிட்டது, அறிவிப்பு ஒட்டப்பட்டது என்று மூன்றே சொற்றொடரில் ஒச்சம்மாளை உட்கார வைத்திருக்கலாம். ஒலிபெருக்கியை நோக்கி வாயைத் திறந்தும்விட்டேன்.

"அம்மா, முறைப்படி உங்கள் ஊரிலும் அறிவிப்பு ஒட்டப்பட்டதே!"

"ஒட்டிருந்துச்சுப்பா, ஒட்டிருந்துச்சு. எங்கூரு வாத்தியாரே படிச்சுப் பாத்தாரு. 'செந்நிற ஞமலி ஒன்று'ன்னு போட்டிருக்கு, ஏதோ கஷாயம் விக்கிறான் போலன்னுட்டுப் போயிட்டாரு."

திடல் அதிரச் சிரித்தது. ஞமலி என்றால் நாய்; நல்ல பழந்தமிழ்ச் சொல். அந்தச் சொல்லைத் தேர்ந்தவன் யார் என்பதைத் தலைவி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இன்று நம் அறிவிப்புகளில் 'செவலை நாயி, காது அறுந்தது' என்று அச்சாகிறது. அதை மாற்றிவிடாதீர்கள்.

அதற்குள் கூட்டம் தீர்ப்பு வழங்கத் தொடங்கிவிட்டது. "நாயையே கேட்டுப்புடலாம்ப்பா!" என்றார் ஒருவர். "ஆமா, அவுத்து விடுங்க! யாருகிட்டப் போகுதோ அவுகளுக்குத்தேன்!" எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும் பிடித்தது, முடிவு சொல்லும் சுமை நாயின் தலைக்குப் போகிறதே! கயிற்றை அவிழ்த்தேன்.

"செவலை, வாடி... வா ஆத்தா!" என்று ஒச்சம்மாள் ஒரு பக்கம்.

"ராசா! லேய் ராசா! இங்கிட்டு வா!" என்று சீனிச்சாமி மறு பக்கம்.

செவலை இருவரையும் பார்த்தது. வால் இருவருக்கும் பொதுவாக ஆடியது. பிறகு மேடையிலிருந்து குதித்து, சாமந்தி மாலையோடு நேராக வடைக்கடைக்கு ஓடி, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பணிவாக உட்கார்ந்தது.

"அப்ப நாயி எனக்குத்தேன்!" என்றார் வடைக்கடைக்காரர்.

சிரிப்பில் சிலர் தரையில் உட்கார்ந்தேவிட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு பேசினால் கூட்டத்தை எங்கு வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் முறை வாயைத் திறந்தேன். ஒலிபெருக்கியில் ஓசை வரவில்லை. திரும்பிப் பார்த்தால், தலைவி ஒலிபெருக்கிக்காரரிடம் நின்று நிறுத்தச் சொல்லியிருந்தார்.

"டாக்டர், நான் விளக்கம் சொல்லிவிடுகிறேன்..."

"விளக்கம் வேண்டாம். நமக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது. கீழே இறங்கிப் போய்க் கேளுங்க" என்றார்.

இறங்கினேன். மேடைக்கும் தரைக்கும் இடையே இருந்தது ஒரு பலகைதான். ஆனால் கீழே நின்று பார்த்தபோது ஒச்சம்மாளின் கன்னம் ஒட்டிப்போயிருந்ததும், அவள் நின்றுகொண்டிருக்கவே சிரமப்படுவதும் தெரிந்தன. மேலேயிருந்து எனக்குத் தெரிந்தது அவளுடைய குரல் மட்டுமே.

"அம்மா, நாயை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்றேன்.

"விடலப்பா. வருசா வருசம் எல்லாரும் ஜீப்புல எறங்குவாக. நானும் செவலையும் நடந்துதேன் எறங்குவோம். இந்த வருசம்..." என்று நிறுத்திக்கொண்டாள். "இந்த வருசம் எப்புடி எறங்குனேன்னே எனக்குத் தெரியாது."

கூட்டத்துக்குள்ளிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டுநர்.

"டாக்டரம்மா, நாந்தேன் ஏத்துனேன். மலைக்காய்ச்சல்ல ஆத்தாளுக்கு நெனவே இல்ல. ரெண்டு பேரு புடிச்சு மூட்டை மேல படுக்க வச்சாக. இந்த நாயி ஓடியாந்துச்சு பாருங்க... ஒரு வளைவு, ரெண்டு வளைவு இல்ல. நானும் கண்ணாடில பாத்துக்கிட்டே வந்தேன். மொதலாளி சொன்ன சொல்லு இருக்கு, நாய ஏத்தக் கூடாதுன்னு. நான் என்னம்மா செய்ய?"

ஓடிக் களைத்த நாய் திரும்பிப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கதவு திறக்கும் என்று. நாங்கள் அதைக் கைவிடப்பட்ட நாய் என்று எழுதிக்கொண்டோம்.

சீனிச்சாமி மேடையில் நின்றபடியே இதைக் கேட்டார். மீசை இப்போது அசையவில்லை. தலைவி அவரைப் பார்த்து, "அய்யா, உங்களுக்கு நாய் எதுக்கு வேணும்? பன்றி வருதா தோட்டத்துக்கு?" என்று கேட்டார்.

"பன்னியா? அது வந்து... காவலுக்கு..."

முன்வரிசையிலிருந்து பொன்னுத்தாய் எழுந்தாள். "நான் சொல்றேன் டாக்டரம்மா. காவலும் இல்ல, பன்னியும் இல்ல. இவரு மோட்டாரு போட்டுட்டு வரப்புல உக்காந்து அதுகூடப் பேசிக்கிட்டு இருக்காரு. எங்கிட்ட ஒரு நாளு 'சாப்ட்டியா'ன்னு கேட்டதில்ல. அதுகிட்ட அரிசி வெலையில இருந்து பஞ்சாயத்து எலக்சன் வரைக்கும் சொல்றாரு!"

"இந்தா, சும்மா இரு!" என்று சீனிச்சாமி அதட்டினார். அதட்டலில் வலு இல்லை. கண் கலங்கியிருந்தது, மீசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண்ணீரை மறைக்க முடியாது என்பதை அன்று அறிந்தேன்.

முடிவு எனக்கு அப்போது விளங்கிவிட்டது. விட்டுவிட்டு வந்தவர்களின் நாய்க்குத்தான் நாம் புது வீடு தேடித் தருகிறோம். ஒச்சம்மாள் விட்டுவிட்டு வரவில்லை. ஆகவே கொடுக்கவோ மறுக்கவோ நமக்கு உரிமை இல்லை, நாய் அவளுடையது. ஆனால் அந்த முடிவைச் சொல்வதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"அம்மா, அடுத்த எடுப்புக்கும் மலைக்குப் போவீர்களா?"

"போகாம? கஞ்சிக்கு என்ன பண்ண?"

"செவலை?"

"அது இல்லாம எப்புடி?"

"இறங்கும்போது மறுபடியும் காய்ச்சல் வந்தால்?"

அவள் வடைக்கடைப் பக்கம் திரும்பிச் செவலையைப் பார்த்தாள். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் மலைக்குப் போய் வருகிறவர்கள். அவர்களில் எத்தனை பேரின் நாய்கள் எந்த வளைவில் நின்றுபோயின என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

"நாய் ஒச்சம்மாளுடையது" என்றேன். ஒலிபெருக்கி இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. "வரும் பருவம் முடிந்து நீங்கள் இறங்கும் அன்றைக்கே கழகத்தார் மலைக்கு வருவார்கள். மலையில் இருக்கும் ஒவ்வொரு நாயையும் பழைய நடைபாதை வழியாகக் கூட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஜீப்பில் போகிறவர்கள் போகலாம். நாய்கள் எங்களோடு நடந்து வரும்."

"யாரு நடப்பா?" வடைக்கடைக்காரர்தான். "பேசுறவரே நடப்பாராக்கும்?"

"நடப்பேன்" என்றேன். என் மேடை வாழ்வில் இதைவிடச் சிறிய உரையை நான் ஆற்றியதில்லை.

தலைவி கயிற்றை எடுத்து ஒச்சம்மாளிடம் கொடுத்தார். வடைக்கடைக்குப் போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள்; செவலையோ வடையை மென்றுகொண்டிருந்தது. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மேடையைப் பார்த்தாள். சீனிச்சாமி இன்னும் அங்கேயே, வெறுங்கையோடு நின்றார்.

"அய்யா, எறங்கி வாரும். இப்ப மலையில சோலி இல்ல. உங்க ஊருப் பக்கந்தேன் களையெடுப்புக்கு வர்றேன். வரும்போது இதையும் கூட்டியாறேன். நான் களையெடுக்குற வரைக்கும் உம்மகூட வரப்புல உக்காந்திருக்கட்டும். நீரு பாட்டுக்குப் பேசும்."

"ராசான்னு கூப்புட்டா திரும்புமா?" என்று கேட்டார் அவர்.

"அது பொட்ட நாயிய்யா! ரெண்டு மாசமா அது கூடத் தெரியலையா உமக்கு?"

அன்று சந்தை கலைய நெடுநேரம் ஆயிற்று.

கொடுத்த வாக்கு தைக் கடைசியில் என்னைத் தேடி வந்தது. தலைவியால் மருத்துவமனையை விட்டு வர முடியவில்லை. "வாய் வலிச்சா திரும்பிடாதீங்க, கால் வலிச்சாலும் திரும்பிடாதீங்க" என்று வாழ்த்தி அனுப்பினார். கழகத்தார் சிலரும் நானும் மலையேறினோம். சீனிச்சாமியும் வந்தார், காலாற நடக்கத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டு. ஒச்சம்மாள் நல்ல உடம்போடு எங்களுக்காகக் காத்திருந்தாள். பக்கத்து எஸ்டேட்டு நாய்களும் சேர்ந்து ஒரு படையே திரண்டிருந்தது. அன்று ஜீப்பில் போனவர்கள் தங்கள் நாய்களின் கயிற்றை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "மெல்லக் கூட்டியாங்க அண்ணே, இது பள்ளத்துல பயப்படும்" என்று குறை சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் வழக்கம் எங்களுக்கு முன்பே மலையேறிவிட்டதைக் கண்டு மகிழ்ந்தேன்.

பாதி வழியில் நடைபாதை ஜீப்புப் பாதையை ஓரிடத்தில் குறுக்கே வெட்டிச் செல்கிறது. என் புதுச் செருப்பு குதிகாலைத் தின்றுவிட்டிருந்தது. நொண்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தபோது அதே ஓட்டுநர் அடுத்த லோடோடு வந்து வண்டியை நிறுத்தினார்.

"செயலாளரய்யா, முன் சீட்டு காலியாக் கெடக்கு. வெரசா ஏறுங்க. நாய்க இவுகளோட வந்துரும்."

உண்மைதான். மற்றவர்கள் இருந்தார்கள், நாய்கள் பத்திரமாக வந்து சேரும். எந்த வாதத்தாலும் என் குதிகாலை மறுக்க முடியாது. ஒரு காலைத் தூக்கி ஜீப்பின் படியில் வைத்தேன்.

எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த நாய்கள் நின்றன. மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவை தலையைத் தூக்கின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சாலையில் உட்கார்ந்து என் காலையே பார்த்தன. செவலையும் உட்கார்ந்தது. ஒன்றும் குரைக்கவில்லை. படியில் ஏறும் காலை அவை முன்பே பார்த்திருக்கின்றன. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவற்றுக்குத் தெரியும்.

காலை எடுத்துவிட்டேன்.

"என்ன தம்பி, ஏறலையா?" என்றாள் ஒச்சம்மாள்.

"இல்லையம்மா, நடந்தே வருகிறேன்."

"அப்பச் செருப்பக் கழட்டிக் கையில புடிங்க. எதாச்சும் பேசிக்கிட்டு வாங்க, நடை தெரியாது."

நாய்கள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு முன்னால் ஓடின. அடிவாரம் வரை நான் பேசினேன். யாரும் மணியடிக்கவில்லை. சீனிச்சாமி மட்டும் நடுநடுவே, "நீ ஒண்ணும் காதுல வாங்காத ராசா" என்று செவலையிடம் சொல்லிக்கொண்டு வந்தார்; அதுவும் அந்தப் பெயருக்குத் தவறாமல் திரும்பிப் பார்த்தது.

தோழர்களே, என்னிடமிருந்து நீங்கள் பெறும் சொத்து ஒரு கட்டுக் கயிறு, தலைவியிடம் கொடுத்திருக்கிறேன். வரும் தையில் நான் சென்னையில் இருப்பேன். நீங்கள் மலையில் இருப்பீர்கள். பாதி வழியில், நடைபாதை சாலையை வெட்டும் இடத்தில், அந்த ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். நல்ல மனிதர், இடம் இருப்பதாக உண்மையாகவே சொல்வார். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஏறாதீர்கள்.